தண்ணீர்க் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவியிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் உங்கள் ஞாயிறு இதழில், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்கள் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. முதலில் மூங்கில் நாற்காலி, மேசை செய்வது. அடுத்தது முளைப்பயறு. படித்ததும் எங்கள் வீட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் 22 வருடமாக மூங்கில் வேலை செய்கிறார். நான் 14 வருடமாக முளைகட்டிய பயறு போட்டு காய்கறிக்காரர்களுக்குக் கொடுக்கிறேன். எங்கள் இரண்டு பிள்ளைகள் படித்தது இந்த இரண்டு வேலையில்தான். ஆகவே இந்தத் தொழில்களைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எழுதியதில் சில கணக்குகள் தவறு. ஒரு விஷயம் ஆபத்தும்கூட.

அந்த வாரமே எங்கள் சந்தில் ஐந்து பெண்கள் பேப்பரும் கையுமாக வந்து, "அக்கா, மாசம் முப்பதாயிரம் வரும்னு போட்டிருக்கே, நெசமா?" என்று கேட்டார்கள். வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பினேன். கேட்காமலே தொடங்கியவள் ஒருத்தி இருக்கிறாள். 'பச்சத் கட்' என்கிற பெண்கள் சேமிப்புக் குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கி, ஒரு மூட்டைப் பயறும் எட்டுக் கூடையும் வாங்கினாள். மூன்றாவது வாரம் பாதிப் பயறோடு நிறுத்திவிட்டாள். சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. இந்தக் கடிதத்தை அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு கிலோ பயறில் எட்டு கிலோ முளை கிடைக்கும் என்று போட்டிருந்தீர்கள். அது பொய் இல்லை. ஆனால் அது வேறு முளை. சைனீஸ் சாப்பாட்டுக் கடைகளில் நூடுல்ஸில் போடுகிறார்களே, வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, அந்த முளை அவ்வளவு காணும். அதற்கு இருட்டில் நாலைந்து நாள் வளர்க்க வேண்டும். மேலே பாரம் வைத்து அழுத்த வேண்டும், அப்போதுதான் தண்டு பருக்கும். மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும், ராத்திரியும்தான். கடைசியில் தொட்டியில் அலசித் தோலை மிதக்கவிட்டு எடுக்க வேண்டும். நானும் ஒரு வருடம் செய்து பார்த்தேன். வாங்கும் கடைகள் கொஞ்சம், தண்ணீரோ இரண்டு பங்கு. உடம்பு தாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

மும்பைக்காரர்கள் தினம் வாங்குவது உசள், மிசள் என்கிற மராத்திப் பயறு மசாலாக்களுக்குப் போடுகிற குட்டை முளை. பாசிப்பயறு, மட்கி என்கிற சின்னப் பழுப்புப் பயறு, கொண்டைக்கடலை, சமயத்தில் வால் என்கிற மொச்சை. இதில் ஒரு கிலோவுக்கு இரண்டேகால் கிலோ கிடைத்தால் நல்ல பயறு. என் கணக்கை அப்படியே சொல்கிறேன். தினம் 10 கிலோ ஊறப்போடுகிறேன். கிலோ 112 என்றால் 1,120 ரூபாய். 22 கிலோ வரும். அதில் முளைக்காதது, நசுங்கியது, அழுகியது என்று பொறுக்கிப் போட்டால் 20 கிலோ நிற்கும். காய்கறிக்காரர்களுக்குக் கிலோ 80க்குக் கொடுத்தால் 1,600. தண்ணீருக்கும் பைக்கும் 70 ரூபாய் கழித்தால் கையில் 410. மாதம் 26 நாள் போட்டால் பத்தாயிரத்துச் சொச்சம். இதுவும் தண்ணீர் ஒழுங்காக வந்த மாதத்துக் கணக்கு. 30,000 வேண்டுமென்றால் தெருவில் நானே உட்கார்ந்து சில்லறைக்கு விற்க வேண்டும். அப்போது ஊறப்போடுவது யார், அலசுவது யார்?

இனி தண்ணீர். உங்கள் கட்டுரையில் முதலீடு என்று பயறு, கூடை, துணி, தராசு எல்லாம் இருந்தது. தண்ணீர் ஓர் இடத்திலும் இல்லை. எங்கள் சந்தில் குழாயில் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், எட்டுக்கு நிற்கும். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய். 10 கிலோ பயற்றுக்கு ஊறவைக்க, இடையிடையே அலச, கடைசி அலசலுக்கு, கூடை கழுவ என்று ஒரு நாளைக்கு 200 லிட்டர் போகும். ஒரு நீல டிரம் முழுசாக. அந்த டிரம் குளியலறைக்கும் அடுப்புக்கும் நடுவில் நிற்கிறது. வீட்டில் ஒருவர் குனிந்தால் இன்னொருவர் விலகி நிற்க வேண்டும். 2024 ஜூனில் ஏரிகளில் நீர் வற்றி நகரம் முழுக்க 10 சதவீதம் குறைத்தார்களே, அப்போது குழாயின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு அரை டிரம்கூட நிறையவில்லை. அந்த மாதம் 4 கிலோதான் போட்டேன்.

காலை ஆறுக்கு, புதுத்தண்ணீர் பிடித்ததும் பயறை ஊறப்போடுவேன். அதற்கு முன் மிதக்கிறதை எல்லாம் அள்ளிவிட வேண்டும். சாயந்திரம் நாலுக்கு வடித்துத் தட்டுகளில் பரப்பி ஈரத்துணி போடுவேன். ஒன்பதுக்கு ஒருமுறை அலசல், ராத்திரி ஒரு மணிக்கு ஒருமுறை. மறுநாள் ஐந்தரைக்குக் குழாய்த் தண்ணீரில் கடைசி அலசல், ஆறரைக்குப் பக்கத்துச் சயானுக்குச் சரக்கு கொண்டுபோகிற பையன் வந்துவிடுவான். ஜனவரியில் குளிர் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால்தான் அந்த நேரத்துக்கு முளை வரும்.

ராத்திரி ஒரு மணிக்கு எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். வந்து கையை வைத்துப் பார் என்றேன். துணியை விலக்கிப் பயற்றுக் குவியலின் நடுவில் கையை நுழைத்தால், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தடியில் கை வைத்ததுபோலச் சுடும். மேலே தொட்டால் ஜில்லென்று இருக்கும், நடுவில் சூடு. பயறு உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது, அந்தச் சூடு அது. பச்சைத்தண்ணீரை ஊற்றிக் கையால் கோதிவிட்டால் ஒரு நிமிடத்தில் அடங்கும், பயற்று வாசனை மாத்திரம் எழும். அடக்காமல் விட்டால் விடியும்போது வழவழவென்று நூல் விடும். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். தொடர்ந்து நாலு நாள் பயறு ஊசிப்போனது. சோம்பேறித்தனம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அது கேட்கப் பொறுக்கவில்லை. ராத்திரி எழ வேண்டும் என்று முதலிலேயே ஒரு வரி போட்டிருந்தால் அவள் கடன் வாங்கியிருக்க மாட்டாள்.

எனக்கும் ஒரு ஜூலையில் அப்படி ஆனது. குழாய் உடைப்பு, இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. 12 கிலோ மட்கி கெட்டது. சிராவண மாதம் தொடங்குகிற சமயம். மராத்திக்காரர்கள் நிறைய வீடுகளில் அப்போது மீனும் கறியும் நிறுத்திவிடுவார்கள், உசளுக்குத் தேவை கூடும். மழைக்காலத்தில்தான் முளையைக் காப்பாற்றுவது கஷ்டம், அந்த மாதம் பார்த்துத்தான் கேட்பவர்களும் அதிகம். வினிகரில் அலசினால் வாசனை போய்விடும், கொண்டு வா என்று வழக்கமாக வாங்குகிற ஒருவர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன்.

ஏன் என்றால், என் மகள் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவள். 2011இல் ஜெர்மனியில் நடந்ததை அவள்தான் சொன்னாள். முளைகட்டிய வெந்தயம் சாப்பிட்டு ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்து, 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கிருமி விதையிலேயே வந்திருக்கிறது. சூடும் ஈரமும் பயறு முளைக்க எவ்வளவு நல்லதோ அவ்வளவு நல்லது கிருமிக்கும். அதைக் கேட்ட பிறகு அரசாங்க உணவுப் பதிவு எடுத்தேன். நான் எடுத்தபோது வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். விதைக்கென்று மருந்து கலந்து விற்கிற பயறைத் தொடமாட்டேன். வாங்கும் எல்லோரிடமும் வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவேன், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் இரண்டு முறை சொல்வேன். நீங்கள் "பச்சையாகச் சாப்பிட்டால் முழுச் சத்து" என்று பெட்டிக்குள் தனியாகப் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை ஒருமுறை திருத்திப் போடுங்கள்.

ஆபத்து என்று மேலே சொன்னது இன்னொன்று. மூங்கில் நாற்காலி செய்து மிஞ்சும் பிளாச்சில், அதாவது கீறிய பட்டையில், கூடை பின்னி அதிலேயே பயறு வளர்க்கலாம், இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று துணை என்று எழுதியிருந்தீர்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. செய்யக்கூடாது. நாற்காலிக்கு எடுக்கிற மூங்கில் மருந்தில் ஊறியது. அதை விளக்க வேண்டுமானால் என் வீட்டுக்காரர் வேலையைச் சொல்ல வேண்டும்.

அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு புருட் பெரியவர். மராட்டியத்தில் பரம்பரையாக மூங்கில் வேலை செய்கிறவர்கள் புருட் மக்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொளவு, அதாவது முறம், முடைகிறவர்களைப் பார்த்து வளர்ந்ததால் இவருக்குக் கை சீக்கிரம் படிந்தது. அப்படியும் ஒரு நாற்காலி ஆடாமல் நிற்க இரண்டு வருடம் ஆனது. நீங்கள் 10 நாள் பயிற்சி போதும் என்கிறீர்கள். 10 நாளில் ரம்பம் பிடிக்கலாம். மூங்கில் உருண்டை, உள்ளே கூடு. ஆணி அடித்தால் பிளக்கும். ஒரு கழி இன்னொரு கழியின் வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி நுனியைக் குடைய வேண்டும். துளை போட்டு மூங்கிலிலேயே சீவிய ஆணியை இறக்கி, மேலே பிரம்பு நாரை நனைத்துச் சுற்ற வேண்டும். நார் காய்ந்தால் இறுகும். நாற்காலிக் கால் கணுவுக்கு ஒட்டிக் கீழே முடிய வேண்டும், நடுவில் முடிந்தால் நாளடைவில் வாய் பிளந்துவிடும். 

எல்லாவற்றையும்விட மூங்கில் எது, எப்போது வெட்டியது என்பது முக்கியம். சாரம் கட்டுகிற மூங்கிலில் நாற்காலி செய்ய முடியாது. எங்களுக்கு கொங்கணக் கடற்கரை சிந்துதுர்க் பக்கத்து மாணகா என்கிற மூங்கில் வேண்டும், முள் இருக்காது, உள்கூடு சின்னது, சுவர் கெட்டி. இல்லையென்றால் கல்மூங்கில். மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும். இவர் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். மழை முடிந்து வெட்டினதா, தேய்பிறையில் வெட்டினதா என்று கேட்காமல் வாங்கமாட்டார். தேய்பிறை விஷயம் பெரியவர்கள் சொன்னது. மழைக்காலத்தில் வெட்டக்கூடாது என்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும்: அப்போது மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், வண்டு அதைத் தேடித்தான் வரும்.

தொழில் ஆரம்பித்த மூன்றாம் வருடம் ஒரு காபிக் கடைக்கு ஆறு நாற்காலி செய்து கொடுத்தார். ஐந்து மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். ஒவ்வொரு காலுக்குக் கீழும் தரையில், கோலமாவு சிந்தினதுபோல, மஞ்சள் கலந்த வெள்ளையில் சின்னக் குவியல். துடைத்தால் மறுநாள் திரும்ப விழுமாம். கழியில் பார்த்தால் ஊசி குத்தின அளவுக்கு ஓட்டைகள், வரிசையாக. இவர் விரலால் சுண்டினார், டொக் என்றது, உயிரில்லாத சத்தம். ஒன்றும் பேசாமல் ஆறையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூங்கில் விற்றவர் மருந்தில் ஊறினது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். வாங்கின பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு இவரே ஊறப்போடுகிறார். பத்லாபூர்ப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஒரு துண்டு இடத்தை வாடகைக்கு எடுத்து, செங்கல் கட்டித் தார்ப்பாய் விரித்து நீளமாகத் தொட்டி வைத்திருக்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம். பச்சை மூங்கிலின் கணுக்களை உள்ளே கம்பியால் குத்திவிட்டு, கல் ஏற்றி முழுக மூழ்கடித்து, ஒரு வாரத்துக்கு மேல் கிடக்க வேண்டும். பிறகு நிழலில் வாரக்கணக்கில் காயவேண்டும். மூங்கில் வாங்கிய நாளிலிருந்து நாற்காலி விற்கிற நாள்வரை மூன்று மாதம் ஆகிவிடும், அதுவரை போட்ட பணம் தொட்டியிலும் நிழலிலும் கிடக்கும். இங்கேயும் தண்ணீர்தான், பாருங்கள். தாராவியில் 12 அடிக்கு 10 அடி அறையில் இந்தத் தொட்டியை எங்கே வைப்பது? வீட்டிலிருந்தே செய்யலாம் என்று எழுதியவர் இதை ஒருமுறை கேட்டிருக்கலாம்.

சரி, இப்போது கூடைக்கு வருகிறேன். இந்தக் கரைசலில் ஊறிய மூங்கிலில் வருடக்கணக்கில் மருந்து நிற்கும், வண்டைத் தடுப்பதே அதுதான். ஈரம் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதில் ஈரப்பயறைப் பரப்பி ஒரு நாள் வைத்தால் என்ன ஆகும்? கடன் வாங்கிய அந்தப் பெண் வாங்கின எட்டுக் கூடையில் மூன்று, யாரோ நாற்காலிப் பட்டறை மிச்சத்தில் முடைந்தவை. நல்லவேளை, இவர் பார்த்துவிட்டார். பயறுக்கு என்றால் மருந்து தொடாத பச்சை மூங்கில் கூடைதான். அதுவும் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் மாற்றி மாற்றிக் காயவைத்தாலும் மூன்று நாலு மாதம்தான். இவர் எனக்கென்று மாற்றி மாற்றிப் புதிதாக முடைந்து கொடுத்த கூடைகளில் பத்து வருடம் பயறு போட்டேன், தண்ணீர் அவ்வளவு அழகாக வடியும். இப்போது ஜூன் முதல் அக்டோபர்வரை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டில்தான் போடுகிறேன், தேய்த்துக் கழுவலாம் என்பதால். மனசில்லாமல்தான் மாற்றினேன். கூடைகளைக் கழுவிக் காயவைத்துப் பரணில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சின்னத் திருத்தம். மூங்கில் கொண்டுவர வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். அது பழைய கதை. 1927ஆம் வருடத்து வனச் சட்டத்தில் மூங்கிலும் மரம் என்று இருந்தது. 2017இல் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். விவசாயி தன் நிலத்தில் வளர்த்ததை வெட்டி விற்க அந்த அனுமதி தேவையில்லை. அதற்கு முன்னால் ஒரு லாரி மூங்கிலுக்கு எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருந்தது என்று இவரைக் கேட்டால் சொல்வார். இந்த நல்ல செய்தியைச் சரியாகப் போட்டால் ஊரில் நிலம் வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு உதவும். நெல்லைப் பக்கம் ஆற்றோரம் சும்மா கிடக்கிற இடம் எவ்வளவு!

இந்த இரண்டு தொழிலையும் யாரும் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களை மானத்தோடு வாழவைத்த தொழில்கள். புதிதாக யாராவது வந்தால் என் வியாபாரம் குறையும் என்ற பயமும் இல்லை, மும்பை தின்கிற மட்கிக்கு நான் போடுவது எம்மாத்திரம். உங்கள் பத்திரிகையில் வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்புகிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். அடுத்த முறை இப்படிப் போடும்போது முதலீடு, லாபம் என்ற இரண்டு வரியோடு, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ராத்திரி எத்தனை முறை எழ வேண்டும், எத்தனை மாதம் பணம் முடங்கும், எவ்வளவு கெட்டுப்போகும் என்ற நாலு வரியும் சேருங்கள். எழுதுவதற்கு முன் அந்த வேலை செய்கிறவர் ஒருவரைக் கேளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் மிஞ்சியிருந்த பயறை, அவள் வாங்கிய விலைக்கே நான் எடுத்துக்கொண்டேன். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் திரும்பத் தொடங்குகிறேன் என்கிறாள். முதலில் ஒரு கிலோ போடச் சொல்லியிருக்கிறேன். அவளைப்போல யாராவது கற்றுக்கொள்ள விரும்பினால், ஆசிரியர் அவர்களே, உங்கள் அலுவலகம் மூலமாக எனக்கு எழுதச் சொல்லுங்கள். காசு வேண்டாம். பகல் பதினொன்றுக்குப் பிறகு வரட்டும், அதற்கு முன் குழாயடியிலும் கூடைகளோடும் இருப்பேன். வரும்போது கடையில் வாங்கிய பாசிப்பயறில் ஒரு பிடி கொண்டுவந்தால் போதும். 100 பயறை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைத்து, மறுநாள் எத்தனை முளைத்தது என்று எண்ணிப் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தாராவி, மும்பை